வெட்டிய பாரும் குட்டைப் பெடலும்

போகிப் பண்டிகை அன்று காலையில், எங்கள் கூடலூர் வீட்டு வாசலில், வெள்ளை வேட்டியைப் போர்த்தி எதையோ நிறுத்தி வைத்திருந்தான் என் தம்பி குமரேசன். வேட்டிக்கு மேலே ரோஸ் கலர் ரிப்பன் வேறு. பெங்களூரிலிருந்து பஸ் கூரையில் போட்டுக் கொண்டுவந்தது.

“கண்ண மூடுக்கா” என்றான்.

“மூட மாட்டேன். அடுப்புல தோசை கெடக்கு. காட்டுறதக் காட்டு.”

வேட்டியை உருவினான். உள்ளே என் சைக்கிள்.

அது என் சைக்கிள்தான் என்று புரியவே எனக்கு ஒரு நிமிஷம் ஆனது. கருஞ்சிவப்புப் பெயிண்ட். அதில் மஞ்சளில் இங்கிலீஷ் எழுத்து. சக்கரத்துக் கம்பி ஒவ்வொன்றும் தனித்தனியாக மின்னியது. புது டயரின் ரப்பர் வாசம் தோசை வாசத்தை அமுக்கிக்கொண்டு வந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மணியை அடிக்க ஓடி வந்தார்கள். மணி இல்லை. கேரியர் இல்லை. ஸ்டாண்டும் இல்லை, அதனால்தான் சுவரில் சாய்த்திருந்தான்.

அப்புறம்தான் அந்தப் பாரைப் பார்த்தேன். சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவில், என் இடுப்பு உயரத்துக்கு, நேராக ஒரு பார்.

“அப்பா கொண்டாந்த அன்னிக்கு எப்பிடி இருந்துச்சோ அப்பிடியே இருக்கா? ஒரு நட்டு போல்ட்டு கூட மாறல. எல்லாம் ஒரிஜினல்க்கா” என்றான் குமரேசன். அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. நான் கட்டிப்பிடித்து அழுவேன் என்று காத்துக்கொண்டிருந்தான்.

கையிலிருந்த தோசைக் கரண்டியை வீசினேன். நல்லவேளை, சுவரில் பட்டு விழுந்தது. பிள்ளைகள் சிதறி ஓடினார்கள்.

இந்தத் தொடரைப் படித்துவிட்டு ‘நீங்கள் எவ்வளவு பொறுமைசாலி அம்மா’ என்று எழுதுகிறவர்கள் அந்த எண்ணத்தை இந்த வாரத்தோடு விட்டுவிடுங்கள். எனக்குப் பொறுமை கிடையாது. வேறு வழியில்லாமல் வாயை மூடிக்கொண்டு இருந்ததைப் பொறுமை என்று நீங்களாக எடுத்துக்கொண்டீர்கள்.

வெள்ளைக்காரர் விட்டுப்போனது

மதுரை மாவட்டம் என்று விலாசம் எழுதிய கை, தேனி மாவட்டம் என்று எழுதப் பழகிக்கொண்டிருந்த காலம் அது. அப்பா ஜீப் ஓட்டினார். காலையில் கூடலூரில் ஆள் ஏற்றிக்கொண்டு குமுளி மலை ஏறி ஏலத்தோட்டத்தில் விடுவார், சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து இறக்குவார்.

ஒருநாள் மலைப்பாதை வளைவில் ஒரு வெள்ளைக்காரர் சைக்கிளோடு விழுந்து கிடந்தார். தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது. அப்பா ஜீப்பில் இருந்த ஆட்களை இறக்கி நடக்கவிட்டு, அவரைத் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தார். நாலு நாள் கழித்து அந்த மனிதர் ஊருக்குக் கிளம்பும்போது, கையில் கட்டோடு, சைக்கிளை அப்பாவிடம் தள்ளிக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஒருத்தர் பேசியது இன்னொருத்தருக்குப் புரியவில்லை. அப்பா மலையாளத்தில் பேசிப் பார்த்தாராம். எங்கள் பக்கத்தில் வெளியூர்க்காரர் யார் வந்தாலும், அவர் எந்த தேசமாக இருந்தாலும், மலையாளத்தில் பேசினால் கொஞ்சம் புரியும் என்று ஒரு நம்பிக்கை.

“குமரேசுக்கு” என்று சொல்லித்தான் அப்பா அதை ஜீப்பிலிருந்து இறக்கினார். குமரேசுக்குப் பதிமூன்று வயது. எனக்குப் பத்தொன்பது. போலியோ வந்த இடது காலை வைத்திருக்கிற பெண்ணுக்கு யாராவது சைக்கிள் கொண்டுவருவார்களா? எனக்கு அதில் அப்போது கோபம்கூட இல்லை. சீப்பைக் கொடுத்தால் வழுக்கைத் தலையர் கோபப்படுவார், கொடுக்காததற்குக் கோபப்படுவாரா?

தெருவே வந்து பார்த்தது. தடித்தடியாக டயர், கியர், கருஞ்சிவப்பு நிறம். குமரேசு தினமும் துடைப்பான். இரண்டு வருஷம் ஓட்டினான். பிறகு கோயம்புத்தூரில் படிக்க ஹாஸ்டலுக்குப் போனான். அங்கிருந்து அப்படியே பெங்களூர். தீபாவளிக்கு இரண்டு நாள், பொங்கலுக்கு இரண்டு நாள் என்று வந்து போகிற பிள்ளையாகிவிட்டான். சைக்கிள் கொல்லைப்புறத்தில் கிடந்தது. அம்மா அதன் ஹேண்டில்பாரில் கோழிக்கூடையைக் கவிழ்த்து வைத்தாள்.

போட்டோவுக்கு நேரான கால்

இங்கே என் காலைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. சொல்லப் பிடிக்காமல்தான் இத்தனை வாரம் தள்ளிக்கொண்டு வந்தேன்.

சின்ன வயதில் நான் இடது தொடையில் கையை ஊன்றி ஊன்றி நடப்பேன். குனிந்து குனிந்து போவேன், பார்க்க அசிங்கமாகத்தான் இருந்திருக்கும். ஆனால் வேகமாகப் போவேன். கொய்யா மரம் ஏறுவேன். கிட்டிப்புள் ஆட்டத்தில் என்னைச் சேர்த்துக்கொள்ள இரண்டு கட்சியும் சண்டை போடும்.

பதினொரு வயதில் மதுரைக்குக் கூட்டிப்போய் ஆப்பரேஷன் செய்தார்கள். மடங்கியிருந்த முட்டி நேரானது. இடுப்பிலிருந்து பாதம் வரை ஒரு இரும்புக் காலிப்பர் மாட்டினார்கள், அதன் நுனியில் ஒரு பெரிய பூட்ஸ். “சரியாயிருச்சு, சரியாயிருச்சு” என்று சொந்தக்காரர்கள் எல்லாம் வந்து பார்த்தார்கள். ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போய் நிற்கவைத்துப் போட்டோ எடுத்தார்கள். போட்டோவில் என் கால் ரொம்ப நேராக இருக்கிறது.

அதற்கப்புறம் நான் மரம் ஏறவில்லை. ஓடவில்லை. தரையில் சம்மணம் போட்டு உட்கார முடியவில்லை. யாரும் என்னிடம் ‘உனக்கு எது வேணும், நேரா நிக்கிறதா, மரம் ஏறுறதா’ என்று கேட்கவில்லை. டாக்டரைக் குற்றம் சொல்லவில்லை. அவரிடம் காலை நேராக்கச் சொன்னார்கள், அவர் நேராக்கினார். பதினேழாவது வயதில் காலிப்பரைக் கழற்றிப் பரணில் எறிந்துவிட்டுத் தொடையில் கை ஊன்றியே நடக்க ஆரம்பித்தேன். அம்மா ஒரு வாரம் அழுதாள். அழட்டும் என்று விட்டுவிட்டேன்.

‘சரி பண்ணித் தர்றேன்’ என்று யாராவது என்னிடம் சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வருவது அன்றிலிருந்துதான்.

காதர் பாய் கேட்டது

பால் சொசைட்டியில் எனக்கு டெஸ்டர் வேலை கிடைத்ததைப் போன வாரம் எழுதியிருந்தேன். காலையில் எங்கள் பக்கத்துத் தெரு சொசைட்டி. மத்தியானத்துக்கு மேல் மூன்று மைல் தள்ளி, திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிற இன்னொரு ஊர் சொசைட்டி. ஊற்றுகிற பாலை ஒவ்வொருவருக்கும் சோதித்து முடித்தால்தான் கேனில் சேர்ப்பார்கள். நாலரைக்குப் பால் வண்டி வரும். டெஸ்டர் லேட் என்றால் வண்டி ரொம்ப நேரம் நிற்காது, அந்த ஊரின் பால் அத்தனையும் திரிந்துபோகும். டவுன் பஸ் காலையில் ஒன்று, பொழுது சாய்ந்தபின் ஒன்று. நடக்க என்னால் முடியாது.

கொல்லைப்புறத்தில் கோழிக்கூடையைத் தூக்கிப் போட்டேன். சைக்கிளை அப்பாவின் ஜீப்பில் ஏற்றச் சொல்லி, கம்பத்தில் லேத்துப் பட்டறை வைத்திருந்த காதர் பாயிடம் கொண்டுபோனேன்.

என்னைப் பார்க்கிற எல்லாரும் ‘காலுக்கு என்னாச்சு’ என்றுதான் கேட்பார்கள். காதர் பாய் கேட்கவில்லை. “இந்தக் காலு எம்புட்டு ஒசரம் தூக்கும் ஆத்தா?” என்று கேட்டார். என்னிடம் முதல்முதலாகக் கேட்கப்பட்ட உருப்படியான கேள்வி அதுதான் என்று இன்றைக்கும் சொல்வேன்.

அவர் என் காலைத் தொடவில்லை. அந்நியப் பெண்ணைத் தொட்டு அளவெடுக்கிற வழக்கம் அவர் வீட்டில் கிடையாது. பட்டறைக்குப் பின்னால் இருந்த வீட்டிலிருந்து சம்சாரத்தைக் கூப்பிட்டார். அந்த அக்கா ஒரு மறைப்புக்குப் பின்னால் என்னை உட்காரவைத்து, முட்டி எவ்வளவு மடங்குகிறது, பாதம் எவ்வளவு எட்டுகிறது என்று நூலில் முடிச்சுப் போட்டுப் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தாக. அந்த முடிச்சுகளை வைத்தே பாய் வேலையைச் செய்தார்.

மேல் பாரை வெட்டி எடுத்துவிட்டு, கீழே என் கணுக்காலுக்குச் சற்று மேலே வருகிற மாதிரி வேறொரு குழாயைப் பித்தளை வைத்துப் பற்றவைத்தார். பெடலைத் தாங்குகிற இடது பக்கக் கிராங்குக் கம்பியில், நடு அச்சுக்குப் பக்கத்திலேயே புதிதாக ஓட்டை போட்டு, மரை வெட்டி, பெடலை அங்கே கொண்டுவந்தார். மீதியை அறுத்துப் போட்டார். வலது கால் பெரிய வட்டம் சுற்றும்போது இடது கால் சின்ன வட்டம் சுற்றினால் போதும். குட்டையான கால் எட்டுவதற்காக அந்தப் பெடல் மேல் ஒரு மரக்கட்டையை லாரி டியூப் ரப்பரால் கட்டினார்.

வலது பக்கமாக நின்று, இடது காலைக் கையால் தூக்கி அந்தப் பக்கம் கட்டையில் வைத்து, சீட்டில் உட்கார்ந்து, வலது காலால் ஓர் உந்து. போய்விட்டேன். கம்பத்துக் கடைவீதி முனை வரை போய்விட்டு, திரும்பத் தெரியாமல் இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தேன். அப்பா ஜீப்பில் உட்கார்ந்து ஸ்டீயரிங்கில் முகத்தை வைத்துக்கொண்டிருந்தார்.

பொங்கலுக்குள்ளே

பதினோரு வருஷம் ஓட்டினேன். அப்பா போனார். சைக்கிள் நிறம் போய், கேரியர் வந்து, ஸ்டாண்டு வந்து, மழைக்கு மட்கார்டு வந்தது. ஒருநாளும் பால் வண்டியை நான் நிற்கவைத்ததில்லை.

பிறகு சிக்குன்குனியா வந்தது. எங்கள் தெருவில் வீட்டுக்கு இரண்டு பேர் படுத்தோம். தம்ளரைப் பிடிக்க விரல் மடங்கவில்லை. தீபாவளிக்கு வந்த குமரேசன், நான் பாயில் கிடக்கும்போது, கொல்லைப்புறத்தில் சைக்கிளைப் பார்த்துவிட்டு ஓடி வந்தான்.

“அக்கா, இது என்ன வண்டின்னு தெரியுமா ஒனக்கு? அமெரிக்காவுல கையால செஞ்ச ஃப்ரேம்க்கா. மவுண்டன் பைக்குன்னு ஒண்ணு வந்த புதுசுல செஞ்சது. இதுக்காக ஒலகமே அலையுது.”

பெங்களூரில் அவன் ஒரு சைக்கிள் கூட்டத்தில் சேர்ந்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் இறுக்கமான டவுசர் போட்டுக்கொண்டு நாற்பது கிலோமீட்டர் போய் இட்லி சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வருவார்களாம். “சர்வீஸ் பண்ணித் தாரேன்” என்று எடுத்துக்கொண்டு போனான். சரி என்றேன். சர்வீஸ் என்றால் எண்ணெய் போட்டுப் பிரேக் கட்டை மாற்றுவது. எங்கள் ஊரில் அப்படித்தான்.

ஒரு மாதத்தில் நான் எழுந்துவிட்டேன். சைக்கிள் வரவில்லை. போன் செய்தால் “சர்ப்ரைஸ்க்கா” என்று சிரிப்பான். பால் ஊற்ற வருகிறவர் யாராவது மொபெட்டில் ஏற்றிக்கொண்டு போனால் சொசைட்டிக்குப் போவேன். ஏற்றாத நாளில் லேட். மூன்று தடவை பால் வண்டி எனக்காக நின்றது. ஒரு தடவை நிற்காமல் போனது.

செக்ரட்டரி நல்ல மனிதர்தான். அவருக்கும் ஊர்க்காரர்களிடம் பதில் சொல்ல வேண்டும். “பொங்கலுக்குள்ள ஒரு வழி பண்ணிருங்கம்மா. இல்லன்னா தை மாசத்துலருந்து வேற பிள்ளையப் போட்டுக்கிருவோம்” என்றார். ஒரு சொசைட்டியை வைத்துக்கொண்டு அம்மாவும் நானும் சாப்பிட முடியாது. அது அவருக்கும் தெரியும்.

போகி அன்றைக்குச் சாயங்காலம்தான் அந்தக் கெடுவின் கடைசி வேளை. சைக்கிள் வந்துவிடும் என்று குமரேசன் சொன்னதை நம்பி, “நாலு மணிக்கு வந்துருவேன்” என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.

கட்டை எங்கடா?

“ஏறிப் பாருக்கா” என்று குமரேசன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“எப்பிடிலே ஏறுவேன்? பறந்தா?”

அவனுக்குப் புரியவில்லை. அம்மா குறுக்கே விழுந்தாள். “புள்ள ஆசையாக் கொண்டாந்திருக்கான். ஏண்டி இப்பிடி எரிஞ்சு விழுற?”

“நீ சும்மா இரும்மா. ஏலே, பார ஏண்டா மறுபடி வச்ச?”

“யாரோ வெட்டி விட்டிருந்தாகக்கா. பால் கேன் தொங்கப் போடத்தான் வெட்டியிருப்பாகன்னு நெனச்சேன். எம்புட்டுப் பெரிய பாவம் தெரியுமா அது? அதே மாதிரி குழாய் தேடி, பழைய போட்டோவெல்லாம் பாத்து, மில்லிமீட்டர் கணக்குல அளந்து…”

“கிராங்கு?”

“எடது பக்கம் ஒடிஞ்சுபோயி, கெடைச்சதப் போட்டு ஒப்பேத்தியிருந்தாக. அமெரிக்காவுலருந்து தபால்ல வரவழைச்சேன். ரெண்டு மாசம் அதுக்காகத்தான் லேட்டு.”

“கட்டை? பெடல்ல கட்டியிருந்த கட்டை எங்கடா?”

“பெடல் ரப்பர் தேஞ்சா ஊர்ல கட்டை வச்சுக் கட்டுவாகல்ல, அதுன்னு நெனச்சேன். குப்பையில போட்டுட்டோம்க்கா.”

வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அதை இந்தப் பத்திரிகையில் போட மாட்டார்கள். முடிவில் சொன்னது மட்டும் போடலாம்: “அது எங்காலுடா. எங்காலக் கழட்டிக் குப்பையில போட்டுட்டு ரிப்பன் கட்டிக் கொண்டாந்திருக்க.”

அவன் சுவரோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

“எனக்குத் தெரியாதுக்கா. சத்தியமாத் தெரியாது. நீ சைக்கிள் ஓட்டுறேன்னு ஹாஸ்டலுக்கு லெட்டர் போட்டியே, ஆப்பரேஷன் பலிச்சு ஒங்காலுக்குத் தெம்பு வந்திருச்சுன்னு நெனச்சேன். அன்னிக்குப் பிள்ளையாருக்குத் தேங்கா ஒடச்சேன். அக்கா மவுண்டன் பைக் ஓட்டுறான்னு ஹாஸ்டல் பூராம் சொன்னேன்.”

என் கோபம் அப்போது தணிந்தது என்று எழுதினால் பொய். இரண்டு மடங்கானது. அதில் பாதி இப்போது என் மேலேயே.

அவனுக்கு எப்படித் தெரியும்? நான் காட்டினால்தானே? பதினோரு வருஷமும் நான் கொல்லைப்புறத்தில் துவைக்கிற கல்லுக்குப் பின்னால் போய்த்தான் சைக்கிளில் ஏறினேன். சொசைட்டியில் சுவருக்குப் பின்னால் போய் இறங்கினேன். காலைக் கையால் தூக்கிப் போடுவதை ஒரு காக்காக் குஞ்சும் பார்க்கக்கூடாது. சேலையைக் கணுக்கால் வரை இழுத்து விட்டுக்கொள்வேன், கட்டை தெரியாது. ஊர் பார்த்தது என்னவோ ஓட்டிக்கொண்டு போகிற இந்த ஈஸ்வரியை மட்டும். லெட்டரில் ‘நான் சைக்கிள் ஓட்டுகிறேன்’ என்று எழுதினேனே தவிர, எப்படி என்று ஒரு வரி எழுதவில்லை. அந்தப் பயலுக்கு என்னைப் பற்றிப் பெருமையாக இருக்கட்டும் என்று விட்டேன். அந்தப் பெருமைதான் இப்போது ரிப்பன் கட்டி வாசலில் நிற்கிறது.

“ஓட்ட வேணாம்க்கா” என்றான் குமரேசன். “சுவத்துல மாட்டி வைப்போம். அப்பா ஞாபகமா இருக்கும். ஒனக்கு ஸ்கூட்டி வாங்கித் தாரேன், சைடுல சக்கரம் வச்சது.”

“சுவத்துல மாட்டுனா லட்சணமாத்தான் இருக்கும்” என்றாள் அம்மா.

“வாங்கித் தா. வேணாங்கல. அது வந்து, நான் ஓட்டப் படிச்சு, லைசென்ஸ் எடுக்கிற வரைக்கும் சொசைட்டியில எஞ்சோத்த வேற ஒருத்தி தின்னட்டுமா? இன்னிக்கு நாலு மணிக்கு நான் அங்கன நிக்கணும். எந்திரிடா. கம்பத்துக்கு ஓட்டிட்டு வா. நான் பஸ்ல வாரேன்.”

“கம்பத்துல என்ன?”

“பார வெட்டணும்.”

அவன் சைக்கிளைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். “வெட்டக்கூடாதுக்கா, இது…” என்று ஆரம்பித்தவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து சைக்கிளைப் பிடித்தான்.

ஒரிஜினல்

போன மாதம் வந்த ஒரு கடிதத்தில், பழைய பொருளை அதன் பழைய நிலைக்கே கொண்டுவருவது ஒரு புண்ணியம் என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவர் கோயில் தேரைப் பற்றிச் சொன்னார். நான் சைக்கிளைப் பற்றிக் கேட்கிறேன். பழைய நிலை என்றால் எந்த நிலை ஐயா? யாரோ ஒரு வெள்ளைக்காரர் கையில் இருந்த நிலையா, என் தம்பி இரண்டு வருஷம் துடைத்த நிலையா, நான் பதினோரு வருஷம் சோறு தின்ற நிலையா? கடைசியாக வந்தவள் செய்ததெல்லாம் கழிவா?

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கம்பம் போகிற பஸ்ஸின் ஜன்னலிலிருந்து அவனைப் பார்த்தேன். திராட்சைத் தோட்டத்து ஓரமாக, பஸ்ஸுக்குச் சமமாக மிதித்துக்கொண்டு வந்தான். அந்தச் சைக்கிள் என்னமாய்ப் போனது! கீச்சென்று ஒரு சத்தம் இல்லை. நேரான பாரும் தடித்த டயரும், என்ன அழகு! அவன் வயது மறந்து, கண்ணெல்லாம் சிரிப்பாக, காற்றை வாயில் வாங்கிக்கொண்டு வந்தான். பிறகு பஸ்ஸில் என்னைப் பார்த்ததும் சிரிப்பை அடக்கிக்கொண்டான்.

அழகாக இருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. அசிங்கமாகச் செய்திருந்தால் திட்டிவிட்டு மறந்திருப்பேன். இவ்வளவு உழைத்து, இவ்வளவு அன்பாக, இவ்வளவு துல்லியமாக ஒரு மடையன் வேலை செய்திருக்கிறானே என்றுதான் வயிறு எரிந்தது.

காதர் பாய்க்குத் தாடி நரைத்திருந்தது. சைக்கிளைச் சுற்றிச் சுற்றி வந்தார். பற்றவைத்த இடத்தை விரலால் தடவினார். “யாரு செஞ்சாக? வேலைக்காரன்யா. நான் வெட்டின எடம் தெரியவே இல்ல” என்றார். பிறகு கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, “இத எப்பிடி ஆத்தா வெட்டுறது? எனக்கே மனசு வரல” என்றார்.

“பாய், நீங்களுமா?” என்று கத்தினேன். பட்டறையில் இருந்தவர்கள் திரும்பினார்கள். “எல்லாருக்கும் சைக்கிளப் பாத்தா மனசு எளகுது. என்னப் பாத்தா மட்டும் ஒருத்தருக்கும் எளக மாட்டேங்குதா?”

பாய் உள்ளே போனார். ரம்பத்தை எடுத்து வந்தார். அதற்கு முன்னால் அளவு வேண்டும் என்றார். பழைய நூல் எல்லாம் எப்போதோ போய்விட்டது. அவர் சம்சாரம் உத்தமபாளையத்தில் மகள் பிரசவத்துக்குப் போயிருந்தாக.

“தம்பி, அக்கா கால நீங்க பிடிங்க” என்றார் பாய், திரும்பி நின்றுகொண்டு.

குமரேசன் என் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தான். அமெரிக்காவிலிருந்து தபாலில் வந்த கிராங்கை மில்லிமீட்டர் கணக்கில் அளந்தவன். என் காலை எங்கே பிடிப்பது என்று தெரியாமல் கையை நீட்டி நீட்டி எடுத்துக்கொண்டான்.

“ஒடஞ்சு போகாது. பிடி.”

பிடித்தான். அவன் கை சில்லென்று இருந்தது. “இம்புட்டு லேசா இருக்கேக்கா” என்றான். அவனுக்கு இருபத்தாறு வயது. ஒரே வீட்டில் பிறந்து வளர்ந்தவன். அன்றைக்குத்தான் முதல்முறையாக என் காலைத் தொடுகிறான். மடக்கினான், நீட்டினான், பாய் கொடுத்த டேப்பை வைத்துப் பார்த்து, ஒவ்வொரு அளவையும் பாயிடம் சத்தமாகச் சொன்னான். நடுவில் அவன் குரல் இரண்டு தடவை உடைந்தது. நான் அவனைச் சமாதானப்படுத்தவில்லை. எனக்கு நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

பாய் ரம்பத்தைப் பாரில் வைத்தபோது குமரேசன் கண்ணை மூடிக்கொண்டான்.

“கண்ணத் தொறந்து பாருலே” என்றேன். “என்ன கேக்காம எனக்கு நடந்தத நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்.”

பார்த்தான். கருஞ்சிவப்புப் பொடி அவன் செருப்பின் மேல் கொட்டியது. அமெரிக்கக் கிராங்கில் ஓட்டை விழுந்தபோது சைக்கிளின் ஃபிரேமை அவனே இறுக்கிப் பிடித்துக்கொண்டான், ஆடாமல் இருக்க. புதுக் குழாயில் பெயிண்ட் அடிக்க நேரமில்லை. பித்தளை ஒட்டு மஞ்சளாகவும் கறுப்பாகவும் தெரிந்தது. பாய் ஒரு வேப்பங்கட்டையைச் சீவிப் பெடலில் கட்டி முடித்தபோது மணி மூன்றே கால்.

“அக்கா, நீ எப்பிடி ஏறுவன்னு நான் பாக்கட்டுமா?” என்று கேட்டான் குமரேசன்.

“நான் என்ன சர்க்கஸா?” என்று வாய்வரை வந்துவிட்டது. பட்டறைக்குப் பின்னால் ஒரு சந்து இருந்தது. ஆள் நடமாட்டம் கிடையாது. என் கை தானாகவே சைக்கிளை அந்தப் பக்கம் திருப்பியது. பாதி திருப்பியபின் நிறுத்தினேன்.

பொங்கல் கூட்டம். கரும்புக் கட்டும் மஞ்சள் குலையும் மண்பானையுமாகக் கம்பத்து மெயின் ரோடு நெரிந்துகொண்டிருந்தது. சைக்கிளை அந்த ரோட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினேன். வலது பக்கம் நின்றேன். சேலையைத் தூக்கிச் செருகினேன். குனிந்து, சைக்கிளை ஒரு கையால் பிடித்தபடி இடது காலை மறு கையால் தூக்கி, அந்தப் பக்கம் கட்டையில் வைத்தேன். கரும்பு விற்றவர் பார்த்தார். பஸ்ஸுக்கு நின்ற ஐந்தாறு பேர் பார்த்தார்கள். ஒரு பெண் “ஐயோ பாவம்” என்றாள்.

“பாவமில்ல, தள்ளி நில்லுங்க” என்றேன்.

வலது காலால் உந்தினேன். பின்னால் குமரேசன் “அக்கா, நில்லு, நானும் வாரேன்” என்று கத்திக்கொண்டே கூட்டத்துக்குள் ஓடி வந்தான். நான் நிற்கவில்லை. நாலு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தேன்.